கழற்றிப் பூட்டும் கலை: கிட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க, கட்ட, பழுதுபார்க்க முழுமையான வழிகாட்டி

கடந்த ஜனவரியில் என் காரின் பின்பக்க ஷாக் அப்சார்பர்களைக் கழற்றினேன். வலது பக்கத்துக் கீழ் போல்ட்டு, நட்டை எடுத்தவுடன் விரலால் தள்ள வெளியே வந்துவிட்டது. இடது பக்கத்துப் போல்ட்டு அசையவில்லை. எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தேன், சூடேற்றினேன், கடைசியில் ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தேன். மூன்று மணி நேரம் போனது. இரண்டும் ஒரே நாளில், ஒரே பையிலிருந்து எடுத்து மாட்டிய போல்ட்டுகள். வலதுபக்கத்துப் போல்ட்டின் தண்டில் செம்புப் பசை பூசியிருந்தேன். இடதில் பூச மறந்திருந்தேன். இங்கிலாந்தில் குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு, போல்ட்டையும், அது நுழையும் புஷ் என்ற ரப்பர் உறையின் உள்குழாயையும் துருவால் ஒட்டவைத்துவிட்டது.

கிட் காரை, அதாவது உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் காரை, வைத்திருப்பவர் அதை ஒருமுறை பூட்டிவிட்டு ஓய்ந்துவிடுவதில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஏதாவது ஒரு பகுதியைக் கழற்றுகிறார், துடைக்கிறார், மறுபடி பூட்டுகிறார். ஆகவே எந்த உறுப்பை மாட்டும்போதும், 'இதை நாளைக்கு நான் எப்படிக் கழற்றுவேன்?' என்று கேட்டுக்கொண்டே மாட்ட வேண்டும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியிலும் அந்தக் கேள்வி வரும்.

இந்தக் கார் எங்கிருந்து வந்தது

1957இல் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம், வடக்கு லண்டனின் ஹார்ன்சியிலிருந்து லோட்டஸ் செவன் என்ற காரை வெளியிட்டது. எஃகுக் குழாய்களால் பற்றவைத்த சட்டகம், அதன்மேல் ரிவெட் அடித்த அலுமினியத் தகடு, நான்கு சக்கரங்கள், இரண்டு இருக்கைகள், கதவு கிடையாது. அன்றைய பிரிட்டனில் முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும். உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. உதிரிகளோடு பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று வரி விதி சொன்னதாம். லோட்டஸ் காரைப் பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்து, 'இதைப் பின்னிருந்து முன்னாகப் படியுங்கள்' என்றதாம். செவன் வைத்திருப்பவர்களிடையே இன்றும் இந்தக் கதை உலவுகிறது. எனக்கு இதைவிடச் சரியான பூட்டும் முறை வேறு தெரியாது.

1973 ஏப்ரலில் அந்த வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது; உதிரியாக வாங்குவதன் லாபமும் போனது. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. அன்று முதல் இன்றுவரை அதே வடிவத்தை அவர்கள் செய்துவருகிறார்கள். வெஸ்ட்ஃபீல்டு முதலிய நிறுவனங்களும், வீட்டிலேயே குழாய் அறுத்துப் பற்றவைக்கும் 'லோகோஸ்ட்' கார்களும் அதே மரபில் வந்தவை.

எடைதான் இந்தக் காரின் உயிர். பொதுவாக ஒரு செவன் 500 முதல் 560 கிலோ வரை இருக்கும். 2021இல் வந்த கேட்டர்ஹாம் 170 வெறும் 440 கிலோ. அதில் இருப்பது 660 சிசி சுசுகி மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின், 84 குதிரைத்திறன். அந்த எண் சிறியதாகத் தெரியும். ஆனால் இழுக்க வேண்டிய சுமையும் அவ்வளவுதான். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 80 கிலோ எடையுள்ள ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தால், 560 கிலோ காரிலேயே எடையில் ஏழில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. டயரில் இரண்டு பி.எஸ்.ஐ. காற்று கூடினால் ஸ்டியரிங்கில் தெரியும். ஒரு நட்டு தளர்ந்தால் இருக்கையில் தெரியும். கனமான கார் மறைத்துவிடும் குறைகளை இது மறைக்காது.

முதல் படி: எதை வாங்குவது

மூன்று வழிகள் உண்டு. புதிய கிட் வாங்கிக் கட்டலாம். யாரோ கட்டி ஓட்டிய காரை வாங்கலாம். பழைய கார் ஒன்றின் எஞ்சினையும் அச்சையும் எடுத்து லோகோஸ்ட் போன்ற ஒன்றைச் செய்யலாம். மூன்றாவது வழிக்கு வெல்டிங் தெரிந்திருக்க வேண்டும், ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும். ஸ்பேனர் பிடித்துப் பழகாதவருக்கு நான் சொல்வது இரண்டாவது வழி: முதலில் ஓடும் கார் ஒன்றை வாங்கி ஓராண்டு ஓட்டுங்கள். மழையில் நனைந்து, லாரிக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு மணி நேரம் காற்றை முகத்தில் வாங்கிய பிறகும் பிடித்திருந்தால் கிட்டுக்குப் பணம் கட்டுங்கள்.

எந்த வழியானாலும் வாங்குவதற்கு முன் ஒருமுறை உள்ளே உட்கார்ந்து பாருங்கள். பெடல்கள் இருக்கும் இடம் மிகக் குறுகல். அகலமான செருப்பு போட்டால் பிரேக்கோடு ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து அழுந்தும். மெல்லிய அடியுள்ள ஷூ கட்டாயம். உயரமானவர்கள், பருமனானவர்கள் அகலச் சட்டகம் கொண்ட மாதிரியைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய காரைப் பார்க்கப் போகும்போது டார்ச் விளக்கும் பழைய பாயும் கொண்டுபோங்கள். மூக்குக் கூடு நான்கு பிடிகளில் கழன்று வந்துவிடும். அதைக் கழற்ற விற்பவர் தயங்கினால் விலகிவிடுங்கள். உள்ளே முன்பக்க விஷ்போன்கள், அதாவது சக்கரத்தைத் தாங்கும் V வடிவக் கைகள், சட்டகத்தோடு சேரும் இடங்களைப் பாருங்கள். அங்கே வண்ணப்பூச்சில் மெல்லிய விரிசல் இருந்தால் அடியில் குழாய் வளைந்திருக்கலாம். பக்கவாட்டு அலுமினியத்தில் கன்னத்தை வைத்து நீளவாக்கில் பாருங்கள்: தகடு அலையலையாக நெளிந்திருந்தாலோ, ரிவெட் துளைகள் நீள்வட்டமாகியிருந்தாலோ அந்தக் கார் எங்கோ மோதியிருக்கிறது. பிறகு அடியில் படுத்துப் பாருங்கள். கால் வைக்கும் பகுதியின் கீழ்க் குழாய்களில் கல் தெறித்துப் பூச்சு உரிந்திருக்கும். அந்த ஓட்டை வழியாக நீர் புகுந்து பூச்சுக்கு அடியிலேயே துரு ஓடும். மேலே பளபளப்பாக இருக்கும்; நகத்தால் அழுத்தினால் செதிலாக உரியும்.

எஞ்சினைப் பொறுத்தவரை, 1990களின் கார்களில் பல ரோவர் கே வரிசை எஞ்சின் கொண்டவை. எடை குறைந்த, அருமையான எஞ்சின். ஆனால் அதில் கூலண்ட் கொள்ளளவு குறைவு; வெப்பத்துக்கேற்ப நீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட், எஞ்சினுக்குள் நீர் நுழையும் பக்கத்தில் இருப்பதால் சட்டென்று குளிர்நீர் பாய்ந்து வெப்பநிலை ஏறி இறங்கும்; எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போவது அதனால்தான். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அடியில் மோர் போன்ற வெண்மை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கூலண்ட் எவ்வளவு அடிக்கடி நிரப்புகிறீர்கள் என்று கேளுங்கள். பிந்தைய கார்களில் உள்ள ஃபோர்டு சிக்மா, டுரடெக் எஞ்சின்களில் அந்தக் கவலை இல்லை.

பதிவுப் புத்தகமான வி5சியில் உள்ள சட்டக எண் காரில் உள்ளதோடு பொருந்த வேண்டும். எண் பலகை க்யூ எழுத்தில் தொடங்கினால், காரின் வயதை உறுதிசெய்ய முடியாத உறுப்புகள் உள்ளே இருக்கின்றன என்று பொருள். கார் மோசம் என்று அதற்கு அர்த்தமில்லை. மறுவிற்பனை விலை குறையும், அவ்வளவுதான். கட்டியவர் எடுத்த படங்களும் குறிப்புகளும் இருந்தால் அவற்றைக் காரின் ஒரு பகுதியாகவே மதித்து விலை பேசுங்கள்.

இரண்டாம் படி: கொட்டகையும் கருவிகளும்

ஒரு கார் நிற்கும் கொட்டகை போதும். ஆனால் காரைச் சுற்றி நடக்க இடம் வேண்டும், சுவரோரம் அலமாரி வேண்டும். நல்ல வெளிச்சம் வேண்டும். நான்கு ஆக்ஸில் ஸ்டாண்டுகள், ஜாக்கி, மெட்ரிக் சாக்கெட் தொகுதி, ஆலன் சாவிகள், ரிவெட் துப்பாக்கி, குறித்த முறுக்கு வந்ததும் சொடுக்கும் டார்க் ரென்ச்சுகள் இரண்டு. இரண்டு எதற்கு? 20 நியூட்டன் மீட்டருக்கு முடுக்க வேண்டியதைப் பெரிய ரென்ச்சால் முடுக்கினால் மரை போய்விடும். 100க்கு மேல் போக வேண்டியது சின்னதற்கு எட்டாது. எஞ்சின் தூக்கும் கிரேனையும், எஞ்சினைச் சாய்க்க உதவும் திருகு விட்டத்தையும் வாடகைக்கு எடுத்தால் போதும்.

பெட்டிகள் வந்த அன்றே ஸ்பேனரை எடுக்காதீர்கள். முதல் வார இறுதியை எண்ணுவதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு பையையும் பட்டியலோடு ஒத்துப்பார்த்து, எந்த வேலைக்கு உரியதோ அந்த வேலையின் பெயரை எழுதி ஒட்டுங்கள். குறைவது எது என்று அன்றே தெரிந்தால் அது வந்துசேரும்வரை வேறு வேலை பார்க்கலாம். எஞ்சின் கிரேனில் தொங்கும்போது தெரிந்தால் வேலை நின்றுவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன மாட்டினேன், எவ்வளவு முடுக்கினேன், எத்தனை வாஷர் வைத்தேன் என்று ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். முடுக்கி முடித்த நட்டின் மேல் வண்ணப் பேனாவால், நட்டையும் போல்ட்டையும் சேர்த்து ஒரு கோடு இழுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. பின்னாளில் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

பசைகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆர்வத்தில் எல்லா இடத்திலும் பூசுபவர்கள் உண்டு. செம்புப் பசையைப் புஷ்ஷுக்குள் போகும் தண்டுப் பகுதியில் மட்டும் பூசுங்கள். மரையில் பட்டால் உராய்வு குறையும். ரென்ச் அதே எண்ணில் சொடுக்கினாலும் போல்ட்டு அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். கையேட்டில் உள்ள முறுக்கு எண்கள், வேறு சொல்லாதவரை, உலர்ந்த மரைக்கு உரியவை. தளரக் கூடாத இடங்களுக்கு மரைப் பூட்டுத் திரவம்; அலுமினியமும் எஃகும் தொடும் இடங்களுக்கு அரிப்பைத் தடுக்கும் பசை. மூன்றும் வெவ்வேறு, ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

மூன்றாம் படி: பூட்டுதல்

எழுபது முதல் நூறு மணி நேரத்தில் ஒரு கேட்டர்ஹாமைக் கட்டிவிடலாம் என்பார்கள். எனக்கு அதைவிட அதிகம் ஆனது. அதில் எனக்கு வருத்தமில்லை. சட்டகத்தை ஸ்டாண்டில் ஏற்றியதும் முதல் வேலை, குழாய்களுக்கும் விளிம்புகளுக்கும் பாதுகாப்பு. வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் நுரை உறையை வாங்கி, நீளவாக்கில் பிளந்து எல்லாக் குழாய்களிலும் மாட்டுங்கள். கைதவறி விழும் ஒரு ஸ்பேனர் பூச்சில் உண்டாக்கும் சின்னக் காயத்தில்தான் ஐந்தாண்டு கழித்துத் துரு தொடங்குகிறது.

முன்பக்க சஸ்பென்ஷன் எளிது, மகிழ்ச்சியான வேலை. விஷ்போன், ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக், அப்ரைட், ஹப், பிரேக் என்று வரிசையாகப் போகும். இங்கே ஒரு விதியை மறக்காதீர்கள்: ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை இப்போது முழுமையாக முடுக்கக் கூடாது. கார் சக்கரத்தில் நின்று, ஓட்டுநர் எடையும் உள்ளே ஏறிய நிலையில்தான் கடைசி முடுக்கு. தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபடும். கார் இறங்கியதும் நிரந்தரமாக முறுக்கப்பட்டு, சீக்கிரம் கிழிந்துபோகும்.

அடுத்து, எஞ்சினின் விசையைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல். கட்டியவர்கள் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் வேலை இதுவே. ஒருவர் மார்போடு அணைத்துத் தூக்கும் கனமுள்ள வார்ப்பிரும்பு. மேலே ஒரு நீண்ட போல்ட்டு, கீழே இரண்டு. அதைச் சட்டகத்தின் நடுவில், இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி, வாஷர்களை இட்டு நிரப்பித் தொங்கவிட வேண்டும். சட்டகத்துக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. நான் செய்தது இது: அட்டைப் பட்டையின் நுனியில் வாஷரைக் கிரீஸால் ஒட்டி, இடைவெளிக்குள் செலுத்தி, மறுபக்கமிருந்து ஒரு மெல்லிய கம்பியால் துளையை நேராக்கி, அதன்பின் போல்ட்டைத் தள்ளினேன். இரண்டு முறை வாஷர் விழுந்து சட்டகத்துக்குள் உருண்டது. மூன்றாம் முறை போல்ட்டு நான்கு தகடுகளையும் கடந்து, மறுபுறத்தில் மரை தெரிந்தது. அளந்தபோது இரு பக்க வித்தியாசம் ஒரு மி.மீ.க்கும் குறைவு. இடது எத்தனை, வலது எத்தனை, எந்தத் தடிமன் என்று அப்போதே எழுதிவைத்தேன். சில ஆண்டுகள் கழித்து எண்ணெய் சீல் மாற்ற அதை இறக்கியபோது, திரும்ப ஏற்ற அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

பிரேக் குழாய்கள் நேராக, சட்டகத்தோடு ஒட்டி, அசையாதபடி போக வேண்டும். பிரேக் திரவம் பூச்சை உரிக்கும். சிந்தினால் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள். குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றும்போது, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குங்கள்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் கீழே தரையில் ஒன்றாகப் பூட்டப்பட்டு, ஒரே உடலாக முன்பக்கம் மேலிருந்து உள்ளே இறங்கும். இறக்குவதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள். கியர்பாக்ஸ் எண்ணெய் ஊற்றியாயிற்றா? உள்ளே போனபின் அந்த மூடிக்குக் கை எட்டுவது கடினம். வால்பகுதி கீழ்நோக்கிச் சாய்ந்தே இறங்குவதால், எண்ணெய் வழியாமல் இருக்க அங்கே மூடி அடைத்தாயிற்றா? கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் செல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை, இருக்கைகளுக்கு நடுவிலுள்ள டனலுக்குள் முன்னரே கிடத்தியாயிற்றா? மூன்றாவதை மறந்தவர்கள் எஞ்சினை மறுபடி வெளியே எடுத்திருக்கிறார்கள். இந்த வேலைக்கு இருவர் தேவை: ஒருவர் கிரேனில், மற்றவர் டனலில் கண்ணும் கையுமாக. வாய்விட்டுச் சொல்லி, சொன்னதைத் திரும்பச் சொல்லி, அங்குலம் அங்குலமாக இறக்குங்கள்.

வயரிங்கில் பலரையும் அலைக்கழிப்பது எர்த் இணைப்பு. சட்டகத்தின் மேல் உள்ள பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் முனை மாட்டும் இடத்தில் பூச்சைச் சுரண்டி உலோகத்தைக் காட்டி, மாட்டிய பின் மேலே கிரீஸ் தடவுங்கள். ஒரு பக்க இண்டிகேட்டர் போட்டால் மற்ற விளக்குகளும் மங்கலாகக் கண்சிமிட்டினால், முதலில் எர்த்தைப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பானிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

முதல் உயிர்ப்பு. அன்று நண்பர்களைக் கூப்பிட ஆசை வரும். தனியாகச் செய்யுங்கள் அல்லது ஒரே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளைத் துண்டித்துவிட்டு, எண்ணெய் அழுத்த முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றுங்கள். உலர்ந்த பேரிங்கோடு எஞ்சின் ஓடக் கூடாது. காரின் மூக்கை ஜாக்கியில் உயர்த்திக் கூலண்ட் ஊற்றினால், உள்ளே சிக்கிய காற்று மேலேறி வெளியேறும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஓடத் தொடங்கியதும் ஒலியை ரசிக்காமல் முதலில் அடியில் கசிவைப் பாருங்கள்.

நான்காம் படி: ஐ.வி.ஏ. சோதனையும் பதிவும்

பிரிட்டனில் வீட்டில் கட்டிய கார் சாலைக்கு வர, தனிவாகன ஒப்புதல் என்னும் ஐ.வி.ஏ. சோதனையில் தேற வேண்டும். 1998இல் வந்த எஸ்.வி.ஏ. சோதனைக்குப் பதிலாக 2009 முதல் நடைமுறையில் இருப்பது இது. சோதனையாளர் காரின் ஒவ்வொரு மூலையையும் பார்க்கிறார். வெளியே 100 மி.மீ. விட்டமுள்ள உருண்டை தொடக்கூடிய எந்த விளிம்புக்கும் குறைந்தது 2.5 மி.மீ. ஆரம் வளைவு இருக்க வேண்டும். அதனால்தான் புதிதாகக் கட்டிய செவன்களில் நட்டுகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் குல்லாயும், விளிம்புகளில் ரப்பர் ஓரமும் இருக்கும். சைலன்ஸர் ஒலி 99 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. பிரேக் அழுத்தும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களுக்கு முன்பே பிடிபட வேண்டும்.

நான் முதல் முறை தவறியது ஸ்டியரிங்கில். வளைவில் கையை விட்டால் சக்கரம் தானாக நேருக்குத் திரும்ப வேண்டும். மிக இலேசான காரில் அது மந்தமாக இருக்கும். என் கார் பாதியில் நின்றது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஸ்டியரிங் தண்டின் கீழ் புஷ் இறுக்கமாக இருந்தது, சக்கரக் கோணமும் சற்று விலகியிருந்தது. புஷ்ஷைச் சரிசெய்து, கோணத்தை மறுபடி அளந்து வைத்து, சோதனைக்காக முன்டயர்களில் காற்றையும் கூட்டியபின் தேறியது. நீங்கள் முன்கூட்டியே காலியான ஒரு மைதானத்தில் இதைச் சோதித்துவிடுங்கள்.

தேறிய சான்றிதழோடு பதிவுக்கான வி55 படிவம், கட்டிய கார் பற்றிய வி627/1 அறிக்கை, எல்லா ரசீதுகள் ஆகியவற்றை ஸ்வான்சியில் உள்ள வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்கு அனுப்ப வேண்டும். உறுப்புகள் அனைத்தும் புதியவை என்றால் நடப்பு ஆண்டின் எண் கிடைக்கும். புதுப்பிக்கப்பட்ட உறுப்பு ஒன்றே ஒன்று அனுமதி, அதற்கும் ரசீது வேண்டும். ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு ரசீதையும் தொலைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: நிலைப்படுத்துதல்

கட்டி முடித்த கார் ஓடும். ஆனால் நன்றாக ஓட, நான்கு சக்கரங்களும் தத்தம் பங்கு எடையைத் தாங்க வேண்டும். சமையற்கட்டில் ஆடும் நான்கு கால் ஸ்டூலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் ஒரு நூல் உயர்ந்தாலும் எதிரெதிர்க் கால்கள் இரண்டு மட்டுமே எடையைத் தாங்கும். காரில் ஸ்பிரிங் இருப்பதால் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது. இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் போகும், பிரேக்கில் ஒரு முன்சக்கரம் முதலில் வழுக்கும்.

சமதளமான தரையில் நான்கு எடைத்தட்டுகள் வைத்து, ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமான மணல் மூட்டை வைத்து, அரை டாங்க் பெட்ரோலோடு அளக்க வேண்டும். ஒரு மூலை ஸ்பிரிங்கின் அடித்தட்டைத் திருகி உயர்த்தினால் அந்த மூலையும் அதன் எதிர்மூலையும் கனக்கும். இரு குறுக்குக் கூட்டல்களும் சமமாகும்வரை அரைச் சுற்று அரைச் சுற்றாகப் போங்கள். முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். டயர் காற்று சாலைக்கு 18 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும். பெட்ரோல் நிலையத்தில் வழக்கமாக வைக்கும் 30க்கு மேல் வைத்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், கார் துள்ளும்.

ஆறாம் படி: ஓட்டுவதும் காப்பதும்

முதல் 500 மைல் முடிந்ததும் எல்லா நட்டு போல்ட்டுகளையும் மறுபடி ரென்ச் வைத்துப் பாருங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. பேட்டரி சிறியது, திருட்டுத் தடுப்புக் கருவியே சில வாரங்களில் அதைக் காலிசெய்துவிடும், ஆகவே நிறுத்தும்போது பராமரிப்புச் சார்ஜரில் இணையுங்கள். பிரேக் திரவம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. எஞ்சினின் அடித்தொட்டி தரைக்கு மிக அருகில் இருப்பதால் வேகத்தடைகளைக் கோணலாக, நடைவேகத்தில் ஏறுங்கள். சாலையில் உப்பு தூவிய பிறகு, நல்ல மழை ஒன்று கழுவும்வரை காரை வெளியே எடுக்காதீர்கள்.

கார் பேசுவதைக் கேட்கப் பழகுங்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விடும்போது பின்னாலிருந்து 'டொக்' என்று ஒற்றை ஒலி வந்தால், பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டி டியோன் குழாயைப் பிடிக்கும் ஏ வடிவ இணைப்பின் புஷ் தேய்ந்திருக்கிறது. டிஃபரன்ஷியலிலிருந்து எண்ணெய் சொட்டி அந்த ரப்பரை அரித்திருக்கலாம். புஷ்ஷை மட்டும் மாற்றினால் மறுபடி போகும், கசிவையும் நிறுத்த வேண்டும். வளைவில் எண்ணெய் அழுத்த முள் விழுந்தால் அன்றைய ஓட்டத்தை அத்தோடு நிறுத்துங்கள். எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. அளவு சரியாக இருந்தும் தொடர்ந்தால் தடுப்புகள் வைத்த அடித்தொட்டியோ, எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் உலர்தொட்டி அமைப்போ தேவை.

ஏழாம் படி: அடிபட்டால்

கண்ணாடியிழை மூக்கிலும் மட்கார்டிலும் வரும் நட்சத்திர விரிசல்களை மேலிருந்து மட்டும் பூசி மறைத்தால் திரும்பி வரும். உள்பக்கத்தைச் சுரண்டி, கண்ணாடியிழைப் பாயும் ரெசினும் இட்டு வலுப்படுத்திவிட்டு, மேலே விரிசலை V வடிவில் கீறி நிரப்புங்கள்.

அலுமினியத் தகடு கிழிந்தால் தட்டிச் சரிசெய்ய நினைக்க வேண்டாம். அது நீண்டுவிடும், பழைய நிலைக்கு வராது. ரிவெட்டின் தலைகளை அதே அளவுத் துளையாணியால் மட்டும் குடைந்து எடுத்து, தகட்டை முழுதாகக் கழற்றி, அதையே வார்ப்பாக வைத்துப் புதியதை வெட்டுங்கள். குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவில் தடுப்புப் பசை கட்டாயம்.

சட்டகக் குழாய் வளைந்திருந்தால் சுத்தியலோ ஜாக்கியோ வைத்து நிமிர்த்தாதீர்கள். ஒரு குழாயை நிமிர்த்தும் விசை, அதோடு பற்றவைத்த மற்றக் குழாய்களை இழுத்து, சஸ்பென்ஷன் துளைகளை இடம்பெயர்த்துவிடும். ஹண்டிங்டனில் இருந்த ஆர்ச் மோட்டார் நிறுவனம் பல பத்தாண்டுகள் லோட்டஸுக்கும் கேட்டர்ஹாமுக்கும் இந்தச் சட்டகங்களைச் செய்தபோது, ஜிக் எனப்படும் அச்சுச் சட்டத்தில் பிடித்துவைத்துத்தான் பற்றவைத்தது. பழுதும் அதே போன்ற ஜிக்கில்தான் நடக்க வேண்டும். அந்தத் தொழில் தெரிந்த பட்டறைக்குச் சட்டகத்தை மட்டும் வெறுமையாக அனுப்ப வேண்டியிருக்கும். அதாவது எஞ்சின் முதல் வயரிங் வரை எல்லாவற்றையும் இறக்க வேண்டும். உங்கள் நோட்டுப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்தில் திறந்து, அங்கிருந்து முதல் பக்கத்தை நோக்கிப் புரட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பெயர் எழுதிய பைகளில் போட்டு, வாஷர்களை அதே போல்ட்டில் அதே வரிசையில் கோத்து நட்டை மாட்டி வையுங்கள். கவனமாகக் கட்டிய கார் என்றால் இரண்டு வார இறுதிகளில் சட்டகம் வெறுமையாகிவிடும்.